விருந்தும் திருவிருந்தும்

விருந்து என்னும் சொல் முதற்கண் புதுமையையே குறித்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புக்களுள் ஒன்றாக விருந்தினை வைத்து, புதிதாக இயற்றப்பெறும் செய்யுட்கு அப்பெயரை ஆள்கின்றார். புதுமையைக் குறித்த சொல் புதியராய் வந்தாரைச் சுட்டிற்று. பின்னர் அவர்க்கு இடும் உணவுக்கும் பெயராயிற்று. இக்காலத்து உறவினர்க்கு இடும் உணவே பெரும்பாலும் விருந்து எனப்படுதலின், சொல்லின் முதற்பொருள் மறைந்தது போலும். தமிழ்க் கிறித்தவருள் சீர்திருத்தச் சபையினர், இயேசு பெருமான் தம் மாணாக்கரோடு கொண்ட இறுதி உணவின் நினைவாக நிகழும் சடங்கினைத் திருவிருந்து எனவும் வழங்குவர். இத்தொடரில் உணவு மட்டும் உளதா, புதியவரும் உளரா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், முன்பே அறிமுகம் உடையராய் வருவார், அறிமுகம் இன்றி வருவார் என விருந்தினரை இரு திறத்தினராகப் பகுத்தார். அறியாதாரும் விருந்தினரே என்பது இதனாற் பெறப்படும். கிரேக்க விவிலியத்திலும் விருந்தோம்பலைக் குறிக்கும் சொல், புதியவர்பால் அன்பு செலுத்துதல் என்னும் பொருளுடையதே. ஆயின், பவர் என்பாரைத் தலைவராகக் கொண்ட குழுவினர் திருத்தி 1871-இல் வெளிவந்த தமிழ் விவிலியம் அவ்விடத்து 'அந்நியர்' என்னும் சொல்லை ஆண்டது. பொருள் பிழையன்று, எனினும், அந்நியர் என்னுங்கால் வந்தவரின் வேறுபாடு முன்னிற்கும், விருந்தினர் என்னுங்கால் ஏற்பவரின் கடமை முன்னிற்கும். தமிழ்ச் சபை தன் மொழியிலேயே கிடந்த ஒரு செல்வத்தைச் சடங்கின் பெயரில் வைத்து, அறவுரையில் விட்டுவிட்டது என்பது எம் கருத்து.

இச்சொற்பொருள் வாழ்வில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதற்குப் பழனிமலை வரலாறு சான்றாகும். 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், சமவெளியின் வெம்மையும் நோயும் தன் தொண்டர் பலரை மாய்த்தமையால், 1845-இல் கோடைக்கானலில் இரு மனைகளை எடுத்தது. பல சபைத் தொண்டரும் கூடுதற்கென 1890-இல் அங்கு ஒரு சங்கமும் தோன்றிற்று. தம் நாட்டில் வேறு வேறு கோயில்களில் வழிபட்டோர் மலைமேல் ஒருங்கு வழிபட்டனர். இது போற்றற்குரியதே. ஆயினும் 1914-இல் மோட்டார் செல்லும் பாதை திறக்கப்படும் வரை, அவருட் பலரைப் பெரியகுளத்துப் பக்கமிருந்து மலைமேல் ஏற்றியவை கூலியாட்களின் தோள்கள் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். மலைக்குப் புதியராய் வந்தவர் விருந்தளிப்போராயினர். மலைவாழ் பளியரும் சுமந்தேறிய ஏழையரும் அவ்விருந்தில் யாராயினர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அம்மிஷனே 1847-இல், சாதி வேற்றுமையைக் கைவிடாதார் சபையின் உறுப்பினராதல் இயலாது என உறுதி செய்தது. உபதேசியார் பலர் விலக்கப்பட்டனர். 1850-இல் சென்னையில் கூடிய தொண்டர் மாநாடும், பிறர் சமைத்த உணவை உண்ண இசைதலைச் சாதி துறந்தமைக்கு அடையாளமாகக் கொண்டது. உணவே உரைகல்லாயிற்று. விருந்தோம்பல் முகமலர்ச்சியில் தொடங்குவது என்பது வள்ளுவர் நெறி. ஆணையால் இடும் உணவு விருந்தாமோ என ஐயுறுவார் உளர். அவ்வையம் பொருளுடையதே. எனினும் தள்ளி நிறுத்தப்பட்டவர்க்கு, பிறர் முகம் தானே மலரும் நாள்வரை காத்திருத்தலும் ஒரு கொடுமையே என்பதை மறத்தலாகாது. ஆணை இன்றேல் பந்தியில் இடமும் இல்லை.

தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் (1774–1864) நிலையை ஈண்டு நோக்குதல் தகும். அவர்தம் பெத்லகேம் குறவஞ்சியில், சபையாகிய தேவமோகினிக்கு நற்செய்தி கூறுபவள் மலைக்குறத்தியாகிய ஞானசிங்கி. ஊர்க்குப் புறத்தே இருந்து வந்தவளே உள்ளிருப்பாளுக்கு உண்மை உணர்த்துகின்றாள். அத்தகைய நூல் செய்த புலவரே, கோயிலில் சாதிக்கேற்ற தனியிருக்கை வழக்கத்திற்காக வாதாடினார். பழைய வழக்குகளையும் தமிழிசையையும் புதிய தொண்டர் அறியாது ஒதுக்கினர் என்னும் அவர் மனக்குறையில் நியாயம் உண்டு. இருக்கை வேற்றுமைக்கு அது நியாயம் ஆகாது. காப்பிய உருவகத்தில் குறத்தியை வரவேற்றல் எளிது. அவளை அருகிருத்தி உண்டலே அரிது.

இன்னும் ஒன்று. குறவஞ்சியில் குறி சொன்ன குறத்தி பரிசில் பெற்று நீங்குவாள். வள்ளுவர் கூறும் விருந்தினரும் உண்டு விடைபெறுவோரே. சபைக்குப் புதியராய் வருவாரோ தங்குதற்கு வருபவர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையினின்று திரும்பிய தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் பழனிமலையிலும் குடியேறினர். அத்தகையோரை என்றும் விருந்தினராகவே வைத்தலும் ஒருவகை விலக்கே. முதல் நாள் பரிமாறப்பெற்றவர் பின்னொருநாள் பரிமாறும் உரிமை பெறுதல் வேண்டும். சபையின் பொறுப்புக்களிலும் அவர்க்குப் பங்கு வேண்டும்.

1947 செப்டம்பர் 27-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை பிரிந்திருந்த சபைகளை ஒன்றாக்கியது. சபைகள் இணைதல் வேறு, மாந்தர் இணைதல் வேறு. பின்னதனை அளத்தற்குத் திருவிருந்து என்னும் சொல்லினும் சிறந்த கருவி தமிழில் இல்லை. விருந்து புதுமையாயின், புதியவர் இல்லாத பந்தி அப்பெயர்க்கு உரியதன்று. கிறித்தவத் தமிழிலக்கியத்தை ஆராயப் புகும் மாணவர், நூல்களின் அணிநலத்தோடு அவை எழுந்த சபைகளின் பந்தி வழக்கையும் ஒப்பவைத்து நோக்குவாராயின், இத்துறை மேலும் விளக்கமுறும்.