கண் கேட்ட அடியவர்: துன்பத்தில் இறைவனிடம் வழக்காடிய சுந்தரர்

முன்னுரை

துன்பம் வரும்போது இறைவனைக் கேள்வி கேட்கலாமா? பக்தி உள்ளவர் கேட்கக் கூடாது என்பர் ஒரு சாரார். கேட்கத் தொடங்கினாலே பக்தி போய்விட்டது என்பர் மற்றொரு சாரார். கேள்வியும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியாது என்று கருதுவதில் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர். இக்கருத்துக்கு மாறான வலுவான சான்று தேவாரத்திலேயே இருக்கிறது. கண்பார்வையை இழந்த சுந்தரர், இழந்ததைத் திரும்பக் கேட்டுப் பாடிய பதிகங்களே அவை. அவற்றுள் ஒன்று பிறந்த இடம் காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். ஏனாத்தூரில் கல்லூரிப் படிப்புக்காகத் தங்கியிருக்கும் மாணவர்கள் எளிதில் சென்று காணக்கூடிய கோயில் அது. அப்பதிகங்கள் நம்பிக்கையைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பார்வை இழந்த வரலாறு

சுந்தரரின் வரலாற்றை விரிவாகத் தருவது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்க விரும்பினார். 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்கு இறைவன் திருமுன் சத்தியம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. சத்தியம் செய்யும் வேளையில் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு சுந்தரர் சிவனிடம் கேட்டுக்கொண்டார். சிவனோ சங்கிலியாரின் பக்கம் நின்று, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொன்னார். சில காலம் கழித்துத் திருவாரூர் நினைவு மேலிட, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அந்த இடத்திலேயே இரு கண்களும் ஒளி இழந்தன.

இவ்வரலாற்றைப் பலரும் 'தவறு செய்தார், தண்டனை பெற்றார், மன்னிக்கப்பட்டார்' என்று மூன்று சொற்றொடரில் முடித்துவிடுகின்றனர். கதைச் சுருக்கமாக இது சரி. ஆனால் பதிகங்களைப் படிப்பவருக்கு இது போதாது. அப்பாடல்களில் கேட்கும் குரல் இவ்வளவு எளிதாக அடங்குவதில்லை.

மூன்று ஊர்கள், மூன்று குரல்கள்

முதற்குரல் திருவெண்பாக்கத்தில் ஒலிக்கிறது. பழைய ஊர் பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியதால் கோயில் இன்று பூண்டியில் மாற்றிக் கட்டப்பட்டுள்ளது. தான் பிழை செய்ததையும், நீர் பொறுத்துக்கொள்வீர் என்று எண்ணியே செய்ததையும் சுந்தரர் இங்கு மறைக்கவில்லை. கோயிலுக்குள் இருக்கிறீரா என்று வெளியே நின்று கேட்கிறார். 'இருக்கிறோம், நீர் போம்' என்னும் அளவில், யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல விடை வருகிறது. கண்ணுக்குப் பதிலாக ஊன்றுகோல் ஒன்று கிடைக்கிறது. இறைவன் இங்கே இல்லாமல் போகவில்லை. இருந்துகொண்டே முகம் கொடுக்காமல் பேசுகிறார். துன்பத்தில் இருப்பவர் பலரின் அனுபவமும் இதுவே. கடவுள் இல்லை என்ற எண்ணத்தைவிட, இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற எண்ணமே அவர்களை அதிகம் வருத்துகிறது.

இரண்டாம் குரல் காஞ்சியில். ஏகம்பத்தை வணங்கியபோது இடக்கண் ஒளி பெற்றது என்கிறது பெரியபுராணம். ஏழாம் திருமுறையின் 61ஆம் பதிகமான இதில், இறைவனைக் காணத் தனக்குக் கண் கிடைத்த வியப்பே பாட்டுக்குப் பாட்டு திரும்ப வருகிறது. கம்பையாற்று வெள்ளத்துக்கு அஞ்சி அம்மை இலிங்கத்தைத் தழுவிக்கொண்ட காஞ்சித் தலவரலாற்றையும் சுந்தரர் நினைவுகூர்கிறார். வெள்ளத்தைக் காட்டி வெருட்டியவரும் தழுவலுக்கு உள்ளானவரும் ஒருவரே. அச்சமே நெருக்கமாக மாறிய அக்கதை, ஒரு கண் பெற்ற மகிழ்ச்சியில் இருந்தவருக்குப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

மூன்றாம் குரல் திருவாரூரில். இது 95ஆம் பதிகம். தேவாரத்தில் இதற்கு நிகரான கடுமை அரிது. நான் ஒற்றிப் பொருள் அல்லேன், விரும்பி வந்து அடிமையானேன் என்கிறார் சுந்தரர். குற்றம் ஏதும் செய்யவில்லை, பின் எதற்காகக் கண்ணைப் பறித்தீர் என்று கேட்கிறார். பழி உமக்குத்தான் என்கிறார். கன்று முட்டினால் பசு பால் சுரக்கிறது, உம்மைப் பாடும் அடியாரோ கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுகிறார்கள் என்று குத்திக்காட்டுகிறார். ஒவ்வொரு பாட்டும் 'நீராவது நன்றாக வாழ்ந்து போம்' என்ற பொருள்பட முடிகிறது. நம் ஊர்களில் மனம் விட்டுப் போன உறவினர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும் சொல்லைப் போன்றது அது.

நன்றிக்குப் பின் வந்த கடுமை

மூன்று பதிகங்களின் வரிசையே இங்கு கவனிக்கத்தக்கது. கடுமையான வழக்கு முதலில் வந்து, பின்னர் நன்றி வந்திருந்தால் கதை எளிது. நடந்தது அதுவன்று. எதுவும் பெறாத வெண்பாக்கத்தில் பணிவாகப் பேசியவர், பாதி பெற்ற பின் திருவாரூரில் சீறுகிறார். இவ்வரிசை சேக்கிழார் தந்தது மட்டும் அன்று. திருவாரூர்ப் பதிகத்திலேயே சுந்தரர் 'மற்றொரு கண்ணை'க் கேட்பதால், ஒரு கண் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பதற்கு அகச்சான்றும் இருக்கிறது.

கிடைத்ததற்கு நன்றி சொன்னவரே கிடைக்காததற்கு வழக்குத் தொடுக்கிறார். நன்றியில்லாதவர்தான் கேள்வி கேட்பார் என்ற கருத்தை இது உடைக்கிறது. ஒரு கண்ணைத் தரக்கூடியவர் மற்றதையும் தரக்கூடியவர்தானே? அவரால் முடியும் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் கோபம் கூடுகிறது. முடியாதவரிடம் யாரும் உரிமை கேட்பதில்லை.

இவ்வுரிமைக்கு அடிப்படையும் உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் முதியவராக வந்த சிவன், அடிமை ஓலை காட்டி வழக்காடியே சுந்தரரை ஆட்கொண்டார். அங்கு சுந்தரர் அவரைப் 'பித்தன்' என்று ஏசினார். அந்த வசைச்சொல்லே அவருடைய முதற்பதிகத்தின் முதற்சொல்லும் ஆயிற்று. வழக்கில் தொடங்கிய உறவு வழக்கிலேயே தொடர்கிறது. ஓலை அடிமையை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. ஆண்டானையும் கட்டுப்படுத்துகிறது என்பதே திருவாரூர் வாதத்தின் சாரம்.

நிந்தாத் துதி என்று ஒதுக்கலாமா?

இத்தகைய பாடல்களை 'நிந்தாத் துதி' என வகைப்படுத்துவது வழக்கம். அதாவது, வெளியே இகழ்ச்சியும் உள்ளே புகழ்ச்சியுமாகப் பாடுவது. காளமேகப் புலவரின் சில பாடல்களுக்கு இப்பெயர் நன்கு பொருந்தும். அங்கு இகழ்ச்சி ஒரு சொல்விளையாட்டு. உறையைப் பிரித்தால் உள்ளே புகழ் இருக்கும்.

திருவாரூர்ப் பதிகத்தை அவ்வாறு பிரிக்க முடியாது. கண் போனது உண்மை, குழியில் விழுவதும் உண்மை. அப்பழியை மறுபுறம் திருப்பிப் புகழாக்க இடமே இல்லை. இதை நிந்தாத் துதி என்று பெயரிடும்போது, நாம் அறியாமலேயே அடியவரின் வலியை அலங்காரமாக்கிவிடுகிறோம்.

பிறவிக் கணக்கைக் காட்டி ஆறுதல் சொல்வோருக்கும் இப்பதிகம் இடம் கொடுக்கவில்லை. இங்கே வருத்திவிட்டு மறுமையில் தருகிறோம் என்றால் அதை நீரே வைத்துக்கொள்ளும் என்ற பொருள்பட ஒரு பாட்டு அமைந்துள்ளது. மேலும், சுந்தரர் தமக்காக மட்டும் பேசவில்லை. துன்பத்தைச் சொல்லியும் கேட்கப்படாத 'அடியார்' எல்லாரையும் பன்மையில் சேர்த்துக்கொள்கிறார். 'அவர் தம்பிரான் தோழர், அவர் கேட்கலாம், நாம் கேட்கலாமா?' என்ற தயக்கத்துக்கு விடை இதில் இருக்கிறது.

மறுப்புகள்

சுந்தரர் தரப்பை முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. குற்றம் செய்யவில்லை என்று திருவாரூரில் சொல்பவர், பிழை செய்ததை வெண்பாக்கத்தில் ஒப்புக்கொண்டவர். துன்பத்தில் இருப்பவர் பேச்சில் இம்முரண் இயல்பு. ஒரு நாள் தம்மை நொந்துகொள்வார், மறுநாள் கடவுளை நொந்துகொள்வார். ஆனால் திருவாரூர்ப் பதிகத்தில் சங்கிலியாரின் துயரத்துக்கு இடமே இல்லை. கைவிடப்பட்ட அவரும் ஓர் அடியவர்தான். அவருக்கு அளிக்கப்பட்ட சத்தியத்துக்கு இறைவனே சாட்சி. ஊன்றுகோல், ஒரு கண், மறு கண் எனப் பார்வை படிப்படியாகத் திரும்பியதை, இரு அடியவருக்கும் கடன்பட்ட ஒருவரின் தயக்கம் என்றும் வாசிக்கலாம்.

இன்னொரு மறுப்பைப் பெரியபுராணமே பதிவு செய்கிறது. பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் சிவனையே தூது அனுப்பினார் என்று கேட்டுக் கொதித்தவர் ஏயர்கோன் கலிக்காம நாயனார். இறைவனிடம் இவ்வளவு உரிமை எடுப்பதா என்பது அவர் கேள்வி. சுந்தரர் தம் நோயைத் தீர்க்க வருவதைவிட உயிரை விடுவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். சுந்தரர் கண் இழந்து மீண்ட கதையைச் சேக்கிழார் இந்தக் கலிக்காமரின் புராணத்துக்குள்ளேயே வைத்துப் பாடியிருக்கிறார். உரிமையோடு கேட்டவரும், அதைப் பொறுக்காதவரும் ஒரே புராணத்தில் இருக்கின்றனர். கலிக்காமர் உயிர் மீண்ட பின் இருவரும் நண்பராயினர். அறுபத்துமூவர் வரிசையில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

காஞ்சியின் மற்றோர் அடியவர்

துன்பத்தை எதிர்கொள்ளும் வேறொரு வழியையும் காஞ்சி அறியும். திருக்குறிப்புத்தொண்டர் காஞ்சியில் துணி வெளுத்தவர். முதிய அடியவராக வந்த சிவனிடம் அழுக்குக் கந்தையை வாங்கி, மாலைக்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். மழை விடவில்லை. குளிரில் நடுங்கும் முதியவருக்குத் தீங்கு செய்துவிட்டோம் என்று துணி துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ள, இறைவனின் கை தடுத்தது.

அவர் மழையையோ கடவுளையோ குறை சொல்லவில்லை. தம்மையே தண்டித்துக்கொண்டார். மழை நாளில் தொழில் நிற்கும் வேதனை காஞ்சிக்கு இன்றும் புதிதன்று. தெருவில் பாவு நீட்ட முடியாமல், குழித்தறியில் ஈரம் ஏறி, வேலையும் கூலியும் நின்றுபோகும் நெசவாளர் வீடுகளுக்கு அது நன்கு தெரியும். அந்த வீடுகளில் சிலர் தம் விதியை நொந்துகொள்வர். சிலர் காமாட்சியிடம் சண்டை பிடிப்பர். முதலாமவரைப் பக்தர் என்றும் இரண்டாமவரை நம்பிக்கை தளர்ந்தவர் என்றும் பிரிப்பதற்கு நம் இலக்கியத்தில் ஆதாரம் இல்லை.

பிற மரபுகளோடு ஓர் ஒப்பீடு

விவிலியத்தின் யோபு நூலிலும் துன்புற்றவர் இறைவனிடம் வழக்காடுகிறார். பாவம் செய்ததால்தான் துன்பம் என்று வாதிட்ட நண்பர்களை இறைவன் அந்நூலின் முடிவில் கண்டிக்கிறார். வழக்காடியவரைக் கைவிடவில்லை. ஆயினும் யோபு நிற்பது படைப்பின் பெரும் தலைவர் முன். சுந்தரர் நிற்பது தமக்குத் தூது சென்ற தோழர் முன். அதனால் யோபுவின் சொற்கள் முறையீடாகவும், சுந்தரரின் சொற்கள் வீட்டுச் சண்டையாகவும் ஒலிக்கின்றன. மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பத்திலும் கைவிடாதே என்ற கெஞ்சலோடு, கைவிட்டால் உன்னை ஏசுவேன் என்னும் மிரட்டலும் கலந்திருப்பதை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முடிவுரை

திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது என்று சேக்கிழார் முடிக்கிறார். அம்முடிவு தெரிந்திருப்பதால் பதிகத்தின் கடுமையை நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். பாடியவருக்கு அம்முடிவு தெரியாது. தேவாரப் பதிகங்களின் கடைசிப் பாட்டு, பாடுவோர்க்குக் கிடைக்கும் பயனைச் சொல்லி நிறைவது பெரும்பான்மை. இதிலோ கடைசிப் பாட்டும் ஊரறியப் பழி சுமத்தியே நிற்கிறது. பலன் எதுவும் சொல்லப்படவில்லை.

துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு இப்பதிகம் விடை தரவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கண் கிடைக்கும் என்றும் உறுதி சொல்லவில்லை. ஆனால் விடை கிடைக்காத நிலையிலும் சுந்தரர் கோயில் வாசலை விட்டுப் போகவில்லை, அங்கே நின்றுதான் ஏசுகிறார். சைவ மரபு அந்த ஏச்சை நீக்காமல் திருமுறையில் வைத்து ஓதி வருகிறது. கடினமான காலத்தில் கடவுளைக் கேள்வி கேட்பவரிடம் 'அப்படிப் பேசாதே' என்று சொல்ல வாய் திறப்பவர், அதற்கு முன் இப்பதிகத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.