ஹிரீ அஸ்ஸவானீ: லாயமா, களஞ்சியமா?

மொரோக்கோ நாட்டின் மிக்னாஸ் நகரைக் கண்டு மீள்வோர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு படம் தவறாமல் இடம்பெறும். கூரையற்ற பெருவெளி, அணியணியாக நிற்கும் தடித்த தூண்கள், தூணுக்குத் தூண் தாவும் வளைவுகள், இடையே முளைத்த புல். படத்தின் கீழே, சுல்தான் மௌலாய் இஸ்மாயீலின் 12,000 குதிரைகள் நின்ற லாயம் என்று குறித்திருப்பார்கள். படிக்கும் நமக்கும் நெஞ்சு நிமிரும். ஆயினும் இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

கட்டடத்தின் பெயரே முதற் சாட்சி. 'ஹுர்ய்' என்ற சொல்லே மொரோக்கோ வழக்கில் 'ஹிரீ' என்றாயிற்று. ஆட்சியாளரின் தானியத்தைச் சேமிக்கும் பெரிய இல்லம் என்று 'லிஸானுல் அரப்' அதற்குப் பொருள் தருகிறது. இச்சொல் அரபியா, அயல்மொழியிலிருந்து வந்ததா என்று தாம் அறியோம் என இமாம் அல்அஸ்ஹரீ கூறியதும் அதிலேயே பதிவாகியுள்ளது. அறியோம் என்று சொல்லும் நேர்மை அந்த அகராதி அறிஞர்க்கு இருந்தது. நம் காலத்து வழிகாட்டி நூலார்க்கு அது அரிது. 'ஸவானீ' என்பதோ 'ஸானியா' என்பதன் பன்மை. நீர் இறைக்கும் ஒட்டகத்தையும், அது இழுக்கும் கருவியையும் குறிக்கும். நம் ஊர்க் கமலையை ஒத்தது. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு, ஸானியாவால் இறைத்து விளைவித்ததற்கு அதில் பாதி என்று ஜகாத் பாடத்தில் ஓதியோர்க்கு இச்சொல் புதிதன்று. ஆக, நீரிறைப்பும் தானியமுமே இப்பெயரில் உள்ளன. குதிரை இல்லை.

கட்டட அமைப்பும் இதற்கு ஒத்தே பேசுகிறது. மிகத் தடித்த சுவர்கள், சிறு சாளரங்கள், கிணறுகளோடு கூடிய அறைகள், அருகே சுமார் 4 ஹெக்டேர் பரப்புள்ள நீர்த்தேக்கம். வெயிலை வெளியே நிறுத்தி உள்ளே குளிர்ச்சியைக் காப்பதே இவற்றின் நோக்கம். தானியத்துக்கு அது வேண்டும். ஆயிரக்கணக்கான விலங்குகள் மூச்சுவிடும் கொட்டிலுக்கு வேண்டுவது காற்றோட்டம். படத்தில் காணும் தூண்வெளியும் முன்பு கூரையால் மூடியிருந்ததே; 1755ஆம் ஆண்டின் லிஸ்பன் நிலநடுக்கத்தில் அக்கூரை சரிந்தது என்பர். இன்று வானம் தெரிவதால் அதனை முற்றம் என மயங்குகிறோம். கட்டடக்கலை ஆய்வாளர் பலரும் அதனைச் சேமிப்புக் கூடமாகவே கருதி, லாயம் வேறிடத்தில் இருந்தது என்கின்றனர்.

அவ்வாறாயின் உண்மையான லாயம் எத்தகையது? மொரோக்கோவின் வரலாற்றாசிரியர் அஹ்மத் இப்னு காலித் அந்நாஸிரீ (1835–1897) தமது 'கிதாபுல் இஸ்திக்ஸா'வில் அதனைத் தெளிவாக வருணிக்கிறார். அவர் அதனை 'ரூவா' என்ற உள்நாட்டுச் சொல்லால் குறிக்கிறார். ஓரங்கள் மட்டுமே தூண்களின்மீதும் வளைவுகளின்மீதும் கூரையிடப்பட்டவை. குதிரைக்கும் குதிரைக்கும் இடையே இருபது சாண். அங்கே 12,000 குதிரைகள் கட்டப்பட்டிருந்ததாக 'யுகாலு', அதாவது 'சொல்லப்படுகிறது' என்கிறார். ஹதீஸ் கலை கற்றோர் இவ்விடத்தில் நின்றிருக்க வேண்டும். அறிவிப்பாளர் பெயரின்றி இவ்வாறு கூறுவது, உறுதியைத் தாம் ஏற்கவில்லை என்பதற்கான குறிப்பன்றோ? 'ஸீகத்துத் தம்ரீள்' என்று நாம் மாணவர்க்குக் கற்பிப்பது இதைத்தானே? ஆசிரியர் தளர்த்திச் சொன்னதைப் பின்வந்தோர் இறுக்கிவிட்டனர். போதாக்குறைக்கு, வேறொரு கட்டடத்தின்மீதும் ஏற்றிவிட்டனர்.

கணக்கும் இடம் தரவில்லை. இருபது சாண் என்பது ஏறத்தாழ நாலரை மீட்டர். 12,000 குதிரைகளை அவ்வாறு ஒரே வரிசையில் நிறுத்தினால் 54 கிலோமீட்டர் நீளும். கஸ்ருக்குரிய 16 பர்ஸக் பயணத்தில் பாதிக்கு மேல் லாயத்திலேயே கழிந்துவிடும்! வரிசைகளை எத்தனை மடித்தாலும் அந்த இடைவெளியும் அந்த எண்ணிக்கையும் ஒரு முற்றத்துக்குள் இணங்குவது கடினம்.

1672 முதல் 1727 வரை ஆண்ட ஒரு மன்னரின் ஆற்றலைக் குறைப்பது நம் நோக்கமன்று. அவருடைய மிக்னாஸ் 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குக் குதிரைக் கணக்கு தேவைப்படவில்லை. அன்றியும், குதிரை ஒருவனுக்கு நற்கூலி, ஒருவனுக்குத் திரை, பெருமைக்காக வளர்ப்பவனுக்கோ சுமை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிரித்துரைத்திருக்க, எண்ணிக்கையை மட்டும் பாராட்டுவது எந்த வகையில் சேரும்? அதே வருணனையில், பத்துக் குதிரைக்கு ஒரு முஸ்லிம் பணியாளரும் ஒரு கிறித்தவக் கைதியும் அமர்த்தப்பட்டனர் என்ற செய்தியும் உண்டு. அதைப் படத்தின் கீழே எழுதுவார் எவருமிலர்.

நாஸிரீயின் வருணனையில் நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. லாயத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் மேற்புறம் வளைவாக மூடப்பட்டிருந்தது. ஒவ்வொரு குதிரையின் முன்னும் அம்மூடியில் ஒரு திறப்பு. கட்டுத்தறியை விட்டு அகலாமலே, நின்ற இடத்தில் தலை தாழ்த்தினால் குதிரைக்கு நீர் கிடைத்தது.