சருகுக் குடில்

ஐரோப்பா, வட அமெரிக்கக் காடுகளில் இலையுதிர் காலத்தில் ஓரிரவு மறைந்து தங்கச் சருகே போதும். ஆளைவிட நீளமான ஒரு கொம்பு. ஒரு முனை இடுப்புயரக் கவட்டையில், மறுமுனை தரையில். இருபுறமும் குச்சிகளை நெருக்கிச் சாய்த்து, மேலே சருகைக் கொட்ட வேண்டும். கஞ்சத்தனம் கூடாது: 2 அடி கனமாவது வேண்டும். சருகுகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் கம்பளி. உள்ளே ஆள் புரளுமளவு இடம் போதும். விசாலமாகக் கட்டினால் உடற்சூடு வீண். அடியிலும் தடிமனாகப் பரப்பாவிட்டால் தரை சூட்டை உறிஞ்சிவிடும். கூரைக்குக் காட்டும் அக்கறையைப் பலர் படுக்கைக்குக் காட்டுவதில்லை. (நம்மூர்ப் பாம்புகளுக்கும் இந்த மெத்தை பிடிக்கும், ஜாக்கிரதை.) சற்றுத் தள்ளி நின்றால் வெறும் சருகுக் குவியல்தான், தன்னைக் காட்டிக்கொள்ளாத இந்தக் கட்டடக்கலை எனக்குப் பிடிக்கிறது. உள்ளே தீ மூட்டாதீர்கள். காலையில் கலைத்துப் பரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.