நிறுமத்தின் குற்றமனம்: மௌலிவாக்கம் விட்டுச்சென்ற கேள்வி

நிறுமம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அவ்வாறே வரையறுத்தது. ஆனால் அதற்கு மனம் கிடையாது. எனவே அறிந்தே செய்த குற்றத்தை அதன்மீது சுமத்த, யாருடைய மனத்தை அதன் மனமாகக் கொள்வது என்ற சிக்கல் எழுகிறது.

நிறுமத்தை இயக்கும் தலைமையின் மனமே நிறுமத்தின் மனம் என்பது 1915ஆம் ஆண்டின் லெனார்ட்ஸ் வழக்கில் வேரூன்றிய ஆங்கிலேயக் கோட்பாடு. 2010இல் இரிடியம் எதிர் மோட்டோரோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, குற்றமனம் இருக்க இயலாது என்று கூறி நிறுமம் தப்ப முடியாது என்றது.

தீர்ப்பு சரியானதே. ஆனால் கோட்பாட்டின் குறை வேறிடத்தில் உள்ளது. 1971இல் டெஸ்கோ வழக்கில், கிளைக் கடையின் மேலாளர் நிறுமத்தின் தலைமை அல்லர் என்று கூறி அந்நிறுமம் விடுவிக்கப்பட்டது. அதாவது, நிறுமம் பெரிதாகப் பெரிதாகத் தவறு நடந்த இடத்துக்கும் தலைமைக்கும் இடைவெளி கூடுகிறது. குற்றமனத்தை மெய்ப்பிப்பதும் கடினமாகிறது.

சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டுவந்த 11 மாடிக் குடியிருப்பு இடிந்து 61 பேர் இறந்தனர். அருகே நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று தாம்பரம் முதல் போரூர் வரை அடுக்குமாடிகள் எழுகின்றன. மண் பரிசோதனை ஒருவரிடம், வடிவமைப்பு இன்னொருவரிடம், கம்பியும் கான்கிரீட்டும் ஒப்பந்தக்காரரிடம் என்று வேலை பிரிந்துகிடக்கும்போது, ஆபத்தைப் பற்றிய அறிவும் துண்டு துண்டாகவே இருக்கும். முழுவதும் அறிந்த ஒரு தலையைத் தேடும் சட்டத்துக்கு அங்கே எவரும் அகப்படாமல் போகலாம்.

பிரிட்டன் தன் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேள்வியையே மாற்றியது. உயிரிழப்பு நேர்ந்தால், யார் அறிந்திருந்தார் என்பதைவிட, உயர்நிலை நிர்வாகம் பணியை ஒழுங்கமைத்த முறையில் கடும் தவறு உண்டா என்பதே அங்கு ஆராயப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அப்படியொரு குற்றத்தை வகுக்கவில்லை. அதன் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான சிறைத்தண்டனையை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை உயர்த்தியதோடு நின்றது. நிறுமத்தைச் சிறையில் அடைக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கித் தீர்ப்பின்படி அதற்கு அபராதம் மட்டுமே. தனிமனிதரின் தண்டனை கூடியிருக்கிறது. நிறுமத்தின் பொறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.