சாத்தியாவா, சாதியா?

மத்திய சுகாதார அமைச்சகம் 2017 பிப்ரவரியில் வளரிளம் பருவத்தினருக்காக ‘சாத்தியா சலாஹ்’ என்றொரு செல்போன் செயலியை வெளியிட்டது. சாத்தியா என்றால் இந்தியில் தோழமை. தமிழில் கொஞ்சம் நாக்குப் புரண்டால் ‘சாதியா?’ என்றாகிவிடும். சிரிப்பதற்கில்லை. கெடார் பக்கத்தில் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி யாரையோ பிடித்திருக்கிறது என்று வாய் திறந்தால் முதலில் வருகிற கேள்வி, “அவன் என்ன ஆளுங்க?” என்பதுதான்.

வகுப்பறை முன்பே மூடப்பட்டுவிட்டது. எய்ட்ஸ் பீதியை முன்னிறுத்தி வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் பல மாநிலங்கள் தடுத்தன. வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று 2009இல் பரிந்துரைத்தது. ஆகவே, இணையத்தில் தனியாகப் படித்துக்கொள் என்கிறார்கள்.

இந்தத் ‘தனியாக’ என்பதுதான் எனக்கு இடிக்கிறது. தனக்கென ஒரு போன், ஓர் அறை, உள்ளே தாழ் போட ஒரு கதவு உள்ள உடலையே இந்தக் கதையாடல் தன் வாசகராகக் கட்டமைக்கிறது. இங்கே போன் அண்ணனுது. ராத்திரி அரைமணி நேரம் வீட்டுப்பாடம் பார்க்கக் கைக்கு வரும். பாலியலை ஒடுக்கியதைவிட ஓயாமல் பேசவைத்தே மேற்கில் அதிகாரம் அதைக் கைக்கொண்டது என்றார் பூக்கோ. அங்கே பாவமன்னிப்புக் கூண்டு, பிறகு மருத்துவர். இங்கே அவள் கூகுளில் தட்டிய கேள்வியே வாக்குமூலம். காலையில் அதைப் படிப்பது அண்ணன். 2012க்குப் பிறகு வடமாவட்டங்களில் பா.ம.க. பரப்பிய ‘நாடகக் காதல்’ சொல்லாடல் அவனுக்கு அந்த வேலையைக் கடமையாகவே ஆக்கிக் கொடுத்திருக்கிறது.

பையன்களுக்குப் போன் உண்டு, பாடம்தான் வேறு. ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு ‘இளமையில் செய்த தவறு’க்கு லேகியம் விற்றவர்களின் குரல் இப்போது யூடியூபில் கேட்கிறது. கைப்பழக்கத்தால் நரம்பு தளராது என்று நல்ல தமிழில் சொல்ல ஆள் குறைவு.

கர்ப்பத்தடை வேண்டும் என்று 1930களில் பெரியார் சொன்னது பெண்ணின் விடுதலைக்காக. சுதந்திரத்துக்குப் பின் அரசு அதைக் குடும்பக் கட்டுப்பாடாக்கி ஜனத்தொகைக் கணக்கில் சேர்த்தது. இணையப் பாடங்களிலும் பெரும்பாலும் சுகாதாரம் இருக்கிறது, விடுதலையைக் காணோம்.

நாள் தள்ளிப்போனால் மருத்துவரைப் பார் என்பார்கள். சரி, அவள் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்று ஒன்று கிடையாது. பிரிவு 19 இன்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மருத்துவரும்தான். கருக்கலைப்புக்கு 1971 சட்டம் காப்பாளர் கையெழுத்தைக் கேட்கிறது. மருத்துவர் சிறுமியின் பெயரைப் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நல்லதுதான். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால்! அந்தக் காப்பாளருக்குத் தெரியாமல்தானே அவள் போனையே தொட்டாள்?

செயலி எழுதுகிறவர்கள் கருப்பை, சினைப்பை படங்களுக்கு முன்னால் இந்தப் பிரிவு 19ஐப் போடட்டும். யாரிடம் வாய் திறந்தால் எது ஸ்டேஷன் வரைக்கும் போகும் என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்தாக வேண்டும்.