சஸ்பென்ஸ் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் இரண்டு படங்களின் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன். ஒன்று 1973-ல் வந்தது, மற்றது 1999-ல். இத்தனை வருஷம் பார்க்காமல் விட்டுவிட்டு இப்போது என்னைத் திட்டுவது நியாயமில்லை. பார்க்கும் உத்தேசம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள். காத்திருக்கிறேன்.

பழைய படத்தின் பெயர் ‘டோன்ட் லுக் நவ்’. டாஃப்னி டு மாரியர் எழுதிய கதையை வைத்து ஆலன் ஸ்காட், கிறிஸ் பிரயன்ட் இருவரும் திரைக்கதை எழுத, நிகலஸ் ரோக் இயக்கியது. மர்மப் படம் எழுத ஆசைப்படுகிற யார் என்னிடம் வந்தாலும் இதன் முதல் பத்து நிமிஷத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீடு. வெளியே ஈரப் புல்வெளி, குளம். பளபளக்கும் சிவப்பு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் பந்து விளையாடுகிறாள். உள்ளே அப்பா (டொனால்ட் சதர்லாண்ட்) ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்கிறார். வெனிஸ் நகரத்து சர்ச் ஒன்றின் உட்புறம். பெஞ்சில், நமக்கு முதுகைக் காட்டியபடி, சிவப்பு முக்காடு போட்ட உருவம். தம்ளர் கவிழ்ந்து ஸ்லைடு நனைகிறது. அந்தச் சிவப்பு மட்டும் ரத்தம் மாதிரிக் கசிந்து, வளைந்து, படம் முழுக்கப் பரவுகிறது. மனுஷருக்கு என்னவோ பண்ணுகிறது. எழுந்து ஓடுகிறார். குழந்தை தண்ணீருக்குள். அவர் தூக்கும்போது உயிர் இல்லை.

மூலக்கதையில் குளமே கிடையாது. குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்திருக்கும், அதுவும் கதை தொடங்குவதற்கு முன்பாகவே. படிக்கிறவருக்கு அந்த ஒரு தகவல் போதும். திரையில் பார்க்கிறவருக்குப் போதாது, கண்ணில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஏதாவது வேண்டும். அதற்காகத்தான் குளம். அதற்காகத்தான் கோட்டு.

அடுத்து வெனிஸ். குளிர்காலம். டூரிஸ்டுகள் போய்விட்ட நகரம், பாதி மூடிய ஓட்டல். அப்பா அங்கே பழைய சர்ச் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறார். மனைவியும் (ஜூலி கிறிஸ்டி) கூட. இரண்டு வயதான சகோதரிகள் வருகிறார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஆனால் மற்றதெல்லாம் தெரியும். ‘உங்கள் மகளைப் பார்த்தேன், உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்’ என்கிற மாதிரிச் சொல்ல, அம்மாவுக்கு எத்தனையோ மாதமாக வராத நிம்மதி வருகிறது. அப்பா நம்பவில்லை. கல்லும் சுண்ணாம்புமாக வேலை பார்க்கிற ஆசாமி, பேய் பிசாசுக்கெல்லாம் நேரமில்லை.

ஆனால், இருட்டில் கால்வாய்க்கு அக்கரையில் சிவப்பாக ஒன்று ஓடுகிறது. உயரம் குழந்தை அளவு. அடுத்த சந்தில் காணோம். பிறகு இன்னொரு நாள், தண்ணீரில் ஒரு கணம் பிம்பமாக. படம் நின்று விளக்குவதில்லை. சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கும் ஊரில் ஒரு துளி சிவப்பு, அவ்வளவுதான். இதற்கு நடுவே ஊரில் கொலைகள் நடக்கின்றன, கால்வாயிலிருந்து ஒரு பெண்ணின் உடலைத் தூக்குகிறார்கள். இதையும் நாம் பார்க்கிறோம். ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை.

நான் படித்தது காமர்ஸ். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாகத் தூக்கிப் போட அங்கே ஒரு கணக்கு உண்டு. பெயர், நிஜமாகவே, சஸ்பென்ஸ் அக்கவுண்ட். சரியான தலைப்பு தெரிகிற வரை தொகை அங்கே தூங்கும். மர்மப் படங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் பொம்மை, மோதிரம், பூட்டின அறை எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். ‘இது என்னவென்று பிற்பாடு சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்’ என்கிறார் டைரக்டர். நாமும் வைத்துக்கொள்கிறோம். மூன்றாவது தடவை காட்டும்போது, ‘சரி சார், சொல்லித் தொலையுங்கள்’ என்று இருக்கிறது.

ரோக் அப்படிச் செய்யவில்லை. அவருடைய சிவப்பு சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கவே இல்லை. கண்ணில் பட்ட உடனே நாமாக அதை அந்தக் குழந்தையின் பேரில் வரவு வைத்துவிடுகிறோம். திரையில் ஒருவரும் ‘இது உன் மகள்’ என்று சொல்லவில்லை. குளத்தங்கரையில் அவள் உடலைப் பார்த்துவிட்டோம், அதனால் அவள் திரும்பி வரவேண்டும் என்று நமக்கே ஆசை. அந்த ஆசைதான் கணக்கைத் தப்பாக எழுதுகிறது. பேயை நம்பாத அந்த அப்பா, மழைக்கோட்டை நம்பிவிடுகிறார். துக்கத்தில் இருக்கிறவர் வேறென்ன செய்வார், சொல்லுங்கள்?

கடைசியில் பின்னாலேயே ஓடி, மூலையில் மடக்கி, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசுகிறார். உருவம் திரும்புகிறது. முகம் கிழவியுடையது. கையில் கத்தி. ஊரில் நடந்த கொலைகளுக்கும் அப்போதுதான் விடை கிடைக்கிறது. குள்ளமான ஒரு பெண்மணியின் தோற்றத்தையே பயங்கரமாக்கியது இன்றைக்கு உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். நடுவில் போலீஸ் ஸ்டேஷன் சமாசாரங்களையும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். ஆனால் அந்த முகம் திரும்புகிற நொடியில் நமக்கு ஏற்படுவது பயம் மட்டுமில்லை. பாவி மனுஷன், மகள் என்று நினைத்தானே என்கிற பரிதாபம் முந்திக்கொள்கிறது.

இப்போது 1999-க்கு வாருங்கள். ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’. எழுதி இயக்கியவர் மனோஜ் நைட் ஷியாமளன், பிறந்தது மாஹேயில். இதிலும் சிவப்புதான். பார்ட்டியில் மாடிப்படி வழியாக மேலே போகும் பலூன், பையன் ஒளிந்துகொள்ளும் கூடாரம், பெற்ற பெண்ணுக்கு விஷம் கொடுத்த தாய் துக்க வீட்டில் உடுத்தியிருக்கும் உடை. செத்தவர்களின் உலகம் இந்த உலகத்தைத் தொடும் இடத்திலெல்லாம் சிவப்பு. சாமர்த்தியம்தான், ஆனால் பல இடங்களில் பெட்டியில் ஒட்டிய லேபிள் மாதிரி இருக்கிறது. சூட்சுமம் புரிந்ததும் தீர்ந்துபோகிறது.

ஒன்றே ஒன்று தவிர. அந்தக் கதவுக் குமிழ். புரூஸ் வில்லிஸ் வீட்டின் பாதாள அறைக் கதவில் சிவப்பாக இருக்கிறது. திருகுகிறார், திறக்கவில்லை. பூட்டியிருக்கிறது போல என்று நாம் போய்விடுகிறோம். வீட்டில் கதவு திறக்காதது ஒரு அதிசயமா? கடைசியில்தான் தெரிகிறது, கதவுக்கு முன்னால் மேஜை போட்டு எத்தனையோ நாளாகிறது. அவர் செத்துப்போனவர், அவருக்கு மேஜை கண்ணில் படவில்லை. பலூனைவிட இது உசத்தி. ஏனென்றால் குமிழுக்கு அந்தக் காட்சியில் சொந்தமாக ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்குப் பின்னால் மர்மம் ஒளிந்துகொள்ள முடிந்தது. ஷியாமளனுக்கே அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது. கடைசியில் உண்மை வில்லிஸுக்கு உறைக்கும் இடத்தில் அந்தக் கதவையும் காட்டுகிறார். அங்கே எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்து, புத்தகம் டேலி ஆகி, நாம் திருப்தியாக எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

ரோக்கின் படத்தை இரண்டாவது முறை பார்க்கிறவர்களுக்கு அந்தத் திருப்தி கிடையாது. ஆரம்பத்தில் வந்த ஸ்லைடை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள். சர்ச் பெஞ்சில் சிவப்பு முக்காடு போட்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் போட்டோ எடுத்தபோது குழந்தை சாகவில்லை. அப்பா அதைப் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட அவள் வெளியே, குளத்தங்கரையில், பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள்.