பன்னிரண்டு ஆண்டு வரம்பும் தமிழ் அகராதிப் பணியும்: ஜெர்மானியப் பதவிமுறை குறித்து

ஜெர்மனியில் முனைவர் பட்டம் மட்டும் பேராசிரியப் பதவிக்குப் போதாது. ‘ஹபிலிடேஷன்’ எனும் இரண்டாம் பேராய்வோ, 2002இல் அறிமுகமான இளநிலைப் பேராசிரியப் பணியோ பெரும்பாலும் தேவை. தற்காலிக ஒப்பந்தங்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த பொதுவரம்பு, பட்டத்திற்கு முன் 6 ஆண்டுகள், பின் 6.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகள் அச்சேறவே 1924 முதல் 1936 வரை ஆயிற்று. தொகுப்புப்பணியோ 1913இலேயே தொடங்கிவிட்டது. இன்று அத்தகைய பணியை மேற்கொள்ளும் இளம் ஆய்வாளர், அது நிறைவேறுமுன் பணிநீங்க நேரும். செம்பதிப்பையாவது ஒருவர்தம் ஆய்வாகக் காட்டலாம். பலர் கூடித் தொகுக்கும் அகராதியில் தனியொருவர் பங்கைப் பிரித்தறிவது அரிது. கொலோன் பல்கலைக்கழகத்தின் இணையத் தமிழ் லெக்சிகனை இவ்வரங்கில் பயன்படுத்தாதவர் யார்? நியமனக் குழுக்களில் அமரும் நாமே அத்தகைய உழைப்பை நூற்பட்டியலின் இறுதியில் வைத்து மதிப்பிடுகிறோம்.